வரப்பு மேட்டில் இன்டர்வியூ

மரக்காணம் உப்பளத்தில் வரப்பு மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். கால் சென்டர் வேலைக்கான போன் இன்டர்வியூவில் சத்யப்ரியா அங்கே நின்றுதான் பேசினாள். உப்பு வாரும்போதெல்லாம் இங்கிலீஷ் மரபுத்தொடர்களை முணுமுணுத்துப் பழகியிருந்தாள்.

"'அண்டர் தி வெதர்'னா?"

"உடம்பு சரியில்லைன்னு அர்த்தம் சார்."

"'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்'?"

"என் வேலையை நான் முடிச்சிட்டேன், இனிமே முடிவு உங்க கையில."

"குட். அடுத்த ரவுண்டு இருக்குது, லைன்லயே இருங்க."

வானம் கறுத்துத் தூறல் விழுந்தது. பக்கத்துப் பாத்தியில் கன்னியப்பன் தன் உப்புக் குவியலை மூட, தார்ப்பாயோடு ஒற்றையாளாக மல்லுக்கட்டினார். வரப்புச் சண்டைக்குப் பிறகு அவரோடு அவளுக்குப் பேச்சில்லை. ஆனாலும் மழை வந்தால் யார் குவியல் என்று பார்க்காமல் ஓடி மூடுவதுதான் இங்கே வழக்கம்.

"சார், மழை வருது. உப்பை மூடிட்டு வந்துடுறேன்."

"இப்ப போனை வச்சீங்கன்னா வேலை கிடையாதும்மா."

அவளுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"கேட்டதுக்கெல்லாம் கரெக்டா சொல்லிட்டேன். தி பால் இஸ் இன் யுவர் கோர்ட், சார்."

இன்டர்வியூ எடுத்தவர் வாய் திறப்பதற்குள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கன்னியப்பனின் குவியலை நோக்கி ஓடினாள்.