மழைல நின்னா நல்லாருக்கு

மூன்று வருடத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்தேன். இரண்டு நாளாக விடாத மழை. கரண்ட் வேறு இல்லை.

எனக்கு ஒரு பழக்கம். வருகிறவர்கள் தங்கள் வலியைச் சொல்லும் அழகை ரசிப்பேன். நன்றாக இருந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைப்பேன். 'முதுகுல யாரோ குடியிருக்கற மாதிரி கீது' என்று ஒருவர் சொன்னது இன்னும் அதில் இருக்கிறது.

அன்று காலை பத்து மணி இருக்கும். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஃபிட்டர் ஒருவர், தலைவலி, வாந்தி என்று வந்து நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னாண்ணே, மழைல ஆடிக்கினு வரீங்களா?"

"மழைல நின்னா நல்லாருக்கு சிஸ்டர். ரெஸ்ட் ரூம் உள்ள போனாத்தான் பேஜாரு."

"ஏன், அது இன்னா மாமியார் ஊடா?" என்று சிரித்துவிட்டேன். ரெஸ்ட் ரூம் என்பது தொழிலாளர்கள் படுத்து ஓய்வெடுக்கும் அறை.

காய்ச்சல் இல்லை. பிரஷர் சரி. விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது. நாஷ்டா சாப்பிடவில்லை என்றார். சரி, பித்தம்தான் என்று முடிவு கட்டி மாத்திரை கொடுத்தேன். "நனையாம உள்ள போய்ப் படுங்க" என்று அதட்டியும் அனுப்பினேன். அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அரைமணி ஆகியிருக்காது. கேன்டீன் அக்கா தலையைப் பிடித்தபடி வந்தார்.

"சிஸ்டர், டீ குடுக்க ரெஸ்ட் ரூமுக்குப் போனேன், தல கிர்ருனு ஆயிடுச்சு. வெளிய வந்தா சரியாப் பூடுச்சு. அந்த ஃபிட்டர் அண்ணன் கூப்ட்டாலும் எய்ந்துக்கல, அப்டி தூங்குறாரு."

நோட்டு திறந்தே கிடந்தது. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். வெளியே வந்தால் சரியாகிற பித்தம் எங்கே இருக்கிறது? அப்போதுதான் ஜெனரேட்டர் சத்தம் காதில் உறைத்தது. நனையக் கூடாது என்று அதை ரெஸ்ட் ரூம் ஜன்னலுக்குக் கீழே வராந்தாவில் தள்ளி வைத்திருந்தார்கள்.

ஓடினேன். "ஜெனரேட்டரை நிறுத்துங்க!" என்று கத்தியபடியே கதவைத் திறந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேராக அவரை வெளியே இழுத்துப் போட்டோம். ஆள் துணி மாதிரி கிடந்தார். ஆக்சிஜன் மாஸ்க் வைத்தேன். கருவி மறுபடியும் தொண்ணூற்றெட்டு என்றது. ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினால் அந்தக் கருவிக்கு அதற்கும் ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம். "அண்ணே, அண்ணே" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர் கருவியைப் பார்த்துவிட்டு மாஸ்க்கை எடுக்கப் போனார்.

"நம்பரைப் பாக்காதீங்க சார், புகை குடிச்சிருக்காரு. மாஸ்க்கை எடுக்காதீங்க!"

பத்து நாள் கழித்து அவர் என் அறை வாசலில், தூறலில் நின்றார். "உள்ள வரலாமா சிஸ்டர், இல்ல இங்கியே நிக்கட்டுமா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. "நான்தாண்ணே உங்கள உள்ள அனுப்பினேன்" என்றேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார்.

இப்போதெல்லாம் வருகிறவர்கள் சொல்வதை நான் கடைசிப் பக்கத்தில் எழுதுவதில்லை. அவர்கள் சொன்னது சொன்னபடியே, பிரஷருக்கும் மற்ற எல்லா நம்பருக்கும் மேலே, முதல் வரியாக எழுதுகிறேன்.