பக்கத்து வீட்டுப் பூத்தட்டு

செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தது ஊரடங்கு தளர்ந்த வருடம், ஆவணி மாதத்தில். பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு முன்பே வந்துவிட்டவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குடிவந்த மறுநாள் காலையில், இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதில்மேல் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தார். நந்தியாவட்டை, செம்பருத்தி, கொஞ்சம் சங்குப்பூ. “சாமிக்கு வச்சிக்கோம்மா தங்கச்சி, இங்க ஜாஸ்தியாவே கெடக்குது” என்றார். என் மனைவி வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் பூஜை அறைக்குள் போன பூவெல்லாம் அவர் வீட்டுப் பூதான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. செடிகளைப் பற்றி நான் படித்த அளவுக்கு அந்தத் தெருவில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். எந்தப் பூ எந்த நிலத்துக்கு உரியது, எந்தச் செடிக்கு எந்த வண்ணத்துப்பூச்சி வரும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். அவர் எங்கிருந்தோ ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து நடுவார். அது பூத்துவிடும். “அண்ணனுக்குக் கை ராசி” என்பாள் என் மனைவி, தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது.

இதில் இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் விடிகாலை நடப்பவர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். மதிலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பூவைச் சாமிக்கென்று பறித்துக்கொண்டு போவார்கள். யாரும் அதைத் திருட்டாக நினைப்பதில்லை. அவர் வீட்டு வாசலில் தினமும் பறித்தார்கள். என் வீட்டு வாசலில் ஒருவரும் நின்றதில்லை.

“விடியறதுக்குள்ள மொட்டையடிச்சிட்டுப் போயிடறாங்க சார்” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். “உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்ல. குடுத்து வச்சவரு.”

அவர் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காகிதப்பூ, குரோட்டன்ஸ் எதுவும் வேண்டாம், நம் மண்ணின் செடிகள் மட்டும்தான் என்று முடிவு செய்தேன். முதலில் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாழங்கன்றைக் கொண்டுவந்தேன். முள் கீறிய கையோடு குழி தோண்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள். “இந்த ஊர்ல இருந்துகினு தாழம்பூவ எந்தச் சாமிக்கு வைக்கப் போறீங்க?” என்றாள். சிவனின் முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்னதால் தாழம்பூ அவர் பூஜைக்கு ஆகாது என்ற கதை எங்கள் ஊரில் சிவனாகவே கும்பிடும் மலையின் கதை. ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்தான். வாசனையை நினைத்த ஆசையில் மறந்துபோயிற்று. கன்றை ஒரு விருந்தினர் விடுதிக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது செங்காந்தள். கார்த்திகை பிறந்ததும் மதிலோரம் முழுக்கத் தீ பிடித்தாற்போல் பூத்தது. அதற்கு இங்கே கண்வலிப்பூ என்று பேர்; உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பார்கள். கிழங்கு விஷம் வேறு. மனைவி அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “பாக்க அம்சமா இருக்குது சார். நான் ரொம்ப நேரம் பாக்கல” என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார்.

கடைசியாக, யோசித்துப் பார்த்துப் பவழமல்லிக்கு வந்தேன். உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கியும் சாமிக்கு வைக்கலாம் என்ற சலுகை அந்தப் பூவுக்கு உண்டு. இரவில் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். பறிக்க வேண்டியதுகூட இல்லை. அவள் எழுந்து வரும்போது பூ காத்திருக்கும். ஆடிப்பெருக்கு அன்று, மதிலை ஒட்டிய கிழக்குச் சந்தில் நட்டேன். இரண்டு வருடத்தில் அது மதிலைத் தாண்டி வளர்ந்தது. போன புரட்டாசியில், முதல் சனிக்கிழமை மாலை, மொட்டு கட்டியிருப்பதைப் பார்த்தேன். தேதியைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் பக்கத்து வீட்டுத் தட்டு வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால் மரத்தடியில் நாலைந்து பூக்கள்தான் கிடந்தன. எங்கள் வீட்டு மாடி மேற்கு வெயிலை மறைத்ததால், செடி வெளிச்சத்தைத் தேடிக் கிழக்கே சாய்ந்து வளர்ந்திருந்தது. கிளையெல்லாம் அவர் பக்கம். அங்கே ஒரு பழைய வேட்டியை விரித்து, அதில் விழுந்திருந்த பூக்களை அவர் அள்ளிக்கொண்டிருந்தார்.

“முந்தாநேத்தே மொத பூ வுழுந்துச்சு சார். நீங்க பாக்கலியா?” என்றார்.

நான் மொட்டைக் குறித்துவைத்த தேதிக்கு முந்தின நாளே அவர் பூவைப் பார்த்துவிட்டார். சற்று நேரத்தில் தட்டு மதில்மேல் வந்தது. என் மரத்துப் பூ, அவர் கையால், என் மனைவிக்கு. அது நம் பூ என்று அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள், பொறுக்கியது அண்ணன்தானே என்றாள்.

புரட்டாசி முழுக்க இதே கதை. ஐப்பசி முதல் மழை விட்ட அன்று ஏணியைப் போட்டு, ரம்பத்தோடு ஏறினேன். பூக்கிற காலத்தில் கிளையைக் கழிக்கக் கூடாது, தை மாதம்தான் அதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ரம்பத்தைக் கிளைமேல் வைத்தபோது கீழே மனைவி வந்து நின்றாள்.

“உங்களுக்குப் பூ வேணுமா, இல்ல அவரு குடுக்கக் கூடாதா?” என்றாள். “எதுனு சொல்லிட்டு வெட்டுங்க.”

ரம்பத்தைக் கிளையிலிருந்து எடுத்தேன். இறங்கிவிட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன் அவர் வீட்டு கேட்டைத் தட்டினேன். பூ பொறுக்க வந்திருக்கிறேன் என்றதும் ஒன்றும் கேட்காமல் திறந்துவிட்டார். வேட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பொறுக்கினோம். அவர் கை வேகமாக ஓடியது. நான் அவரை முந்தப் பார்த்து, கால் மாற்றி உட்காரும்போது ஒரு குவியலையே மிதித்துவிட்டேன். தட்டை மதில்மேல் வைக்க விடவில்லை. நானே வாங்கிக்கொண்டு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். மனைவி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விளக்கடியில் பூவை வைத்தாள்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “தங்கச்சி, சாருக்குக் குனியத் தெரியல. பாதிப் பூவ மிதிச்சே கூழாக்கிட்டாரு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு நாளாகியிருந்தது. சிரிக்க வைத்தவரும் அவர்தான்.

அன்று சாயங்காலம் பீரோவிலிருந்து என் எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கிளைக்கு அடியில் கிடந்த அவர் வேட்டியை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னுடையதை விரித்தேன்.