மிக்ஸி ஓடும் நேரம்

குடிநீர் வாரிய அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தும், ஒரு புகாரைக்கூட முழுசாகக் காது கொடுத்துக் கேட்காமல் ஓய்வு பெற்ற மகானுபாவர் அவர். ஜன்னலில் யாராவது வந்து வாயைத் திறந்தால் போதும், டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். மறுமுனையில் ஆளே இருக்காது. இந்தச் சாமர்த்தியத்தை வீட்டில் அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சின்ன வயதில் மகளும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

ஓய்வு பெற்று வீட்டோடு ஆன பிறகு டெலிபோன் போய் மிக்ஸி வந்தது. கோடை முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களைக் கூட்டி வைத்து, பழமும் ஐஸும் ரம்மும் அடித்த பனிக்கூழ் பரிமாறுவார். எல்லாம் தன் கைப்பக்குவம் என்று பீற்றிக்கொள்வார். தர்பூசணியை விதை நீக்கி ஃப்ரீசரில் வைப்பது அம்மா. எலுமிச்சை பிழிவது அம்மா. ஐஸைத் துண்டில் சுற்றி உடைப்பதும் அம்மாதான். ஐயா கடைசியில் வந்து பொத்தானை அழுத்துவார். கை தாராளம் என்று காட்ட ரம்மைக் கவிழ்த்துவிடுவதால் அது உறையாமல் கஞ்சித் தண்ணியாக நிற்கும். மறுபடி ஐஸ், மறுபடி சத்தம். வந்தவர்கள் ஓசியில் கிடைத்ததைப் பிரமாதம் பிரமாதம் என்று உறிஞ்சிவிட்டுப் போவார்கள்.

மகள் இந்த முறை பெட்டியோடு வந்திருந்தாள். புருஷன் கை நீட்டுகிறான். இனி அங்கே போவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அப்பா வாயிலிருந்து 'இங்கேயே இரு' என்று ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான். பிறந்த வீட்டில் அவர் சொல்லாமல் எதுவும் நடந்ததில்லை.

வந்த அன்றே ஆரம்பித்தாள். "அப்பா, அங்க எனக்கு" என்பதற்குள் மிக்ஸி அலறியது. புதுக் கலவையாம், ருசி பார்க்க வேண்டுமாம். மறுநாளும் அதே கதை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கை பொத்தானுக்குப் போகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருக்கத்தான் இத்தனை சத்தம்.

அன்று ராத்திரி அம்மாவோடு டம்ளர் கழுவும்போது, இந்த வெயிலிலும் அவள் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் கையைச் சுருட்ட வேண்டியிருந்தது. அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தான், அவளைக் கூட்டிப்போக, இரண்டு பாட்டிலோடு. மாமனாருக்கு வாயெல்லாம் பல். டம்ளர் விளிம்பில் உப்புத் தடவி வைத்தார். மாமா கையால் குடித்தால் வேறு எங்கும் குடிக்கத் தோன்றாது என்று மாப்பிள்ளை ஐஸ் வைத்தான். நண்பர்கள் தலையாட்டினார்கள். மிக்ஸி ஓடியது.

மகள் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அப்பா, இவர் என்னை அடிக்கிறார். நான் திரும்பிப் போக மாட்டேன். இங்க இருக்கலாமான்னு சொல்லுங்க."

நண்பர்கள் டம்ளருக்குள் எதையோ தேடினார்கள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தான். அப்பா மட்டும் மிக்ஸி ஜாடியைப் பார்த்தார்.

"கரையுதும்மா," என்றார். "பிளக்கைப் போடு."

இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. அழுகைகூட வரவில்லை, கேவலமாக இருந்தது.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜாடியைக் கழற்றி எடுத்துப் போய், உள்ளே இருந்ததை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். திரும்பி வந்து இரண்டு பாட்டிலையும் மாப்பிள்ளை கையில் கொடுத்தாள்.

"நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை. அவ வரமாட்டா."

அவன் மாமனாரைப் பார்த்தான். அவர்தானே இந்த வீட்டில் முடிவு சொல்கிறவர். ஐயா என்ன செய்தார்? குனிந்து, கீழே கிடந்த பிளக்கை எடுத்துச் செருகி, பொத்தானை அழுத்தினார். ஜாடி இல்லாத மோட்டார் வெறுமனே சுற்றியது. அம்மா மகளின் பெட்டியைத் தூக்கி உள் அறையில் வைத்துவிட்டு, தனக்கும் அவளுக்குமாக இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.