கோயில் இல்லாத கடற்கரை

எங்கள் பக்கத்தில் டூர் என்றால் கோயில்தான். வேனில் ஏறி, விடிவதற்குள் முதல் கோயிலில் இறங்கி, மதியம் ஏதாவது ஒரு மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்து, பொழுது சாய்வதற்குள் இன்னும் சில கோபுரங்களைப் பார்த்துவிட்டு, இடுப்பு ஒடிய வீடு திரும்பி, "நெம்ப நல்லா இருந்துச்சுங்க" என்போம். கடலை நான் பார்க்காதவள் இல்லை. ராமேஸ்வரத்தில் முங்கி எழுந்திருக்கிறேன். திருச்செந்தூரில் மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறி அரைநாள் தும்மியிருக்கிறேன். ஆனால் கடலுக்காகவே கடலுக்குப் போனது போன வருஷம்தான். அதுவும் என் அக்கா கேட்டதால்.

அக்காவைப் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா ஒரு நாள் காலையில் தோப்பைச் சுற்றிவிட்டு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அக்கா சொம்போடு வருவதற்குள் உயிர் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவையும் அக்கா எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக மாட்டார்கள். "எப்படீங்க ஆச்சு?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் போனால் மரியாதை இல்லை. கேட்டால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதுவும் மரியாதை இல்லை.

காரியம் முடிந்து, அக்காவின் மகனும் வெளிநாட்டுக்குத் திரும்பிய பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சேதி பிந்திக் கிடைத்தவர்கள், சந்தைக்கு மாடு பிடிக்க வந்தவர்கள் அப்படியே ஒரு எட்டு வந்தார்கள். அக்கா பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து உட்கார்ந்தால், முன்னால் வந்தவரே, "அவிய இப்பத்தான் வாறாங்க, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்பார். அக்கா முதலில் இருந்து சொல்வாள். அழாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. துக்க வீட்டில் 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை அல்லவா, கேட்டு முடித்ததும் படக்கென்று எழுந்து போய்விடுவார்கள். அந்தச் சொம்பையும் வாசல்படியையும் நடுவீட்டில் பரப்பிவைத்துவிட்டு அக்கா தனியாக உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைத் திட்டுவது? வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்.

ஒரு நாள் போனில் கேட்டாள். "அம்மிணி, நம்மள ஆருக்குமே தெரியாத ஊருக்கு ஒருக்காக் கூட்டீட்டுப் போறியா? நாலு நாள் இருந்தாப் போதும். ஆரும் எதும் கேக்கப்படாது."

மாமா போன எட்டு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம் அது. கோயமுத்தூரில் சமையல்கட்டில் நின்றுகொண்டு, என்ன ஆனாலும் இதை நடத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

சிக்கல் என் வீட்டுக்காரரிடம்தான் தொடங்கியது. சிங்காநல்லூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிற மனிதர். மெஷின் சும்மா நின்றால் அவருக்குப் பொறுக்காது. மனுஷன் சும்மா இருந்தாலும் அதேதான். "போறதுன்னு ஆயிப்போச்சு, ராமேஸ்வரம் பாத்துப்போடலாம்" என்றார்.

"ஏனுங்க, மாமா போயி வருசம் திரும்பலீங்க. அக்கா கோயில் படி மிதிக்கப்படாது."

"அட ஆமா. அப்ப கன்னியாகுமரி?"

"அங்கயும் கோயிலுங்க."

மனிதர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு யோசித்தார். ஆயுசில் முதல் முறையாகக் கோயில் இல்லாத ஊரைத் தேடுகிறார், பாவம். நம் நாட்டில் கடல் இருக்கிற இடமெல்லாம் சாமி வந்து முதலில் இடம் பிடித்து வைத்திருக்கிறது. கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, ஆலப்புழைப் பக்கம், தென்னைகளுக்கு நடுவே ஒரு சின்ன ரிசார்ட்டைப் போனில் கண்டுபிடித்தோம். ஓட்டு வீடுகள் நாலைந்து, எதிரே மணல், அதற்கு எதிரே கடல். அவ்வளவுதான். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவருக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

"நாலு நாளும் அங்க என்ன பண்றது?"

"சும்மா உக்காந்திருக்கறது."

"சும்மா உக்கார்றதுக்கு நம்மூட்டுல சோபா இல்லியா?"

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் இதே சண்டைதான். ஒவ்வொரு நாள் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் புதிதாக ஒரு பகல் பயணத்தைக் கொண்டுவருவார். காலையில் கிளம்பி மாலையில் ரிசார்ட்டுக்குத் திரும்பிவிடலாம், அருவி இருக்கிறது, அணை இருக்கிறது என்று ஆரம்பிப்பார். நான் துருவிக் கேட்டால் வழியில் ஒரு கோயிலும் இருக்கும். "வாசல்லயே நின்னு ஒரு கும்புடு, அவ்வளவுதான். அக்கா கார்லயே இருக்கட்டும்" என்றார் ஒரு நாள்.

"அக்காவக் கார்ல பூட்டிப்போட்டு நீங்க மட்டும் புண்ணியம் தேடப் போறீங்களாக்கும்?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு தணிந்த குரலில், "அப்ப படகு? கலங்கரை விளக்கம்? அதுல சாமி இல்லையே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு மனசு இருந்தால் மட்டும் போவது, இல்லாவிட்டால் அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்காருவது என்று ஒப்பந்தம் ஆனது.

ஊருக்குள் சொல்வதுதான் இன்னொரு பாடு. வருஷம் திரும்பாத வீட்டுப் பெண்பிள்ளை ரிசார்ட்டுக்குப் போகிறாள் என்றால் பேசுகிற வாய் பேசாமல் இருக்குமா? "ஆர்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரும் தலையைத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்தை நம்பியிருக்கக் கூடாது.

போய்ச் சேர்ந்த முதல் நாள் அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிடும்வரை எழவில்லை. நான் கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் கரையோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரோந்து போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில்தான் அது நடந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு அம்மாள் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அக்கா வயசுதான் இருக்கும். அக்காவின் நெற்றியில் திருநீற்றுக் கீற்று மட்டும். எங்கள் ஊரில் அந்த நெற்றியைப் பார்த்தாலே போதும், கேட்க வேண்டியதைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அங்கே பாதிப் பெண்கள் வெறும் நெற்றியோடுதான் இருந்தார்கள், யாரும் எதையும் அதில் படிப்பதில்லை. தட்டில் ஆப்பத்தை வைத்துக்கொண்டே அந்த அம்மாள், "சார் வந்நில்லே?" என்றாள். பொள்ளாச்சிக்காரர்களுக்கு மலையாளம் பாதி புரியும், வீட்டுக்காரர் வரவில்லையா என்கிறாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "வல்லீங்க. தோப்புக்குத் தண்ணி பாய்ச்சோணும்னு ஊட்டுலயே இருந்துட்டாங்க" என்றாள்.

பிய்த்த ஆப்பத்தை நான் தட்டிலேயே போட்டேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்கிற பார்வையும் இல்லை, எதையும் மறைக்கிற பார்வையும் இல்லை. குருமாக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அதற்குப் பிறகு வேளாவேளைக்கு அது வளர்ந்தது. "சார் போன் செய்தோ?" என்று அந்த அம்மாள் கேட்பாள். "பண்ணுனாங்க, கரண்டு இல்லைன்னு ஒரே பொலம்பல்" என்பாள் அக்கா. மாமாவுக்குச் சர்க்கரை இருந்தும் காபியில் திருட்டுத்தனமாக வெல்லம் போட்டுக் குடிப்பது, தேங்காய் போடுகிறவரோடு சண்டை போட்டுவிட்டு அவருக்கே மோர் ஊற்றிக் கொடுப்பது, தேங்காயைக் கடிக்கிற அணிலைப் பெயர் வைத்துத் திட்டுவது, எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் கரண்டியோடு நின்று சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எட்டு மாதமாக மாமா அந்த வாசல்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இங்கே வந்துதான் எழுந்து நடந்தார்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலமே அறையில் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன்.

"அது பொய்யில்லியா அம்மிணி?" என்றார்.

"பொய்தானுங்க. இருந்துட்டுப் போகட்டும்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "நாளைக்குக் காத்தால எர்ணாகுளத்துப் பங்காளி இங்க வாறாரு" என்றார்.

"எதுக்குங்க?"

"துக்கம் கேக்க."

எர்ணாகுளத்தில் பனியன் கடை வைத்திருக்கிற உறவுக்காரர் அவர். அவ்வளவு தூரம் போய்விட்டு அவரிடம் சொல்லாமல் வந்தால் தப்பாக நினைப்பாராம். அதனால் என் வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முன்னாலேயே போன் போட்டிருக்கிறார். சாவுக்கு வர முடியவில்லை, நேரிலேயே வந்து கேட்டுவிடுகிறேன் என்றாராம் அந்த மனிதர். இவரும், "அதுக்கென்னுங்க, வாங்க வாங்க" என்றிருக்கிறார். எங்கள் ஆட்கள் வாயிலிருந்து 'வராதீங்க' என்று ஒரு சொல் வராது. கழுத்தைப் பிடித்தாலும் வராது.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் பம்ப்பு செஞ்சு குடுக்கறீங்களே, உங்க வாய்க்கு ஒரு வால்வு வெச்சுக்கப்படாதா?" என்று கத்தினேன். கத்தியபோதே அழுகையும் வந்தது. கண்ணுக்கு முன்னால் தெரிந்தது எனக்கு. ஆப்பிள் பையோடு பங்காளி வந்து உட்காருவார். தலையைக் குனிந்துகொண்டு, "எப்படீங்க ஆச்சு?" என்பார். அந்த அம்மாள் கரண்டியோடு நிற்பாள். அவள் முன்னாலேயே மாமா இன்னொரு தடவை சாக வேண்டியிருக்கும்.

அவர் போனைக் கையில் எடுத்தார். பிறகு வெளியே போய்ப் பேசினார். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "ஏனுங்க, நீங்க இவ்வளவு தூரம் வர வேண்டாமுங்க. ரோட்டுமேல இருக்கற ஜங்சனுக்கு நானே வாரேனுங்க... அக்காவுக்கு ஒடம்பு சொகமில்லீங்க, தூங்கறாங்க... இல்லீங்க, எழுப்பப்படாதுங்க." உறவுக்காரரிடம் ஒன்றை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவர் ஏங்கி ஏங்கி ஏற்பாடு செய்திருந்த படகுப் பயணத்துக்கு நானும் அக்காவும் மட்டும் போனோம். அவருக்கு வயிறு சரியில்லை என்று அக்காவிடம் சொன்னேன். படகில் அக்கா தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே வந்தாள். திரும்பியதும் அக்கா மணலுக்குப் போய்விட்டாள். அவர் எங்கள் அறைக்குப் பின்னால், ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"நானே சொல்லிப்போட்டேன் அம்மிணி. டீக்கடைல உக்காந்து, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும். சொம்புல தண்ணி கொண்டாறதுக்குள்ளன்னு வந்ததும் டீ டம்ளரக் கீழ வெச்சுப்போட்டேன்." ஆப்பிள் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கக்கா எப்படித்தான் அத்தன பேருக்குச் சொன்னாங்களோ?"

இவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

கிளம்புகிற அன்று அந்த அம்மாள் கார் வரைக்கும் வந்தாள். வாழையிலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை அக்காவிடம் நீட்டி, பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலுமாக, "அல்வா. சாருக்கு. கொஞ்சமா சாப்பிடச் சொல்லணும். அடுத்த தடவை சாரையும் கூட்டிட்டு வரணும்" என்றாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார்.

"அவரு தோப்ப உட்டுப்போட்டு லேசுல வர மாட்டாருங்க. நாங்க சொல்லிப் பாக்கறோமுங்க" என்றார்.

திருச்சூர் தாண்டினோம். பொட்டலம் அக்காவின் மடியில் இருந்தது. பாலக்காட்டுக் காற்று ஜன்னலில் அடிக்கத் தொடங்கியபோது அவள் இலையைப் பிரித்து, ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அவிய இருந்திருந்தா வாளையார் செக்போஸ்ட் தாண்டறதுக்குள்ள அத்தனையும் தின்னு தீத்திருப்பாங்க" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. மாமா போனதிலிருந்து அக்கா அப்படி அழுது நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் காரை ஓரம் கட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தோம். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை.