மட்டிக்கு விட்ட நல்ல தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிராமசபைக் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தேன். எங்கள் மீன் சந்தையைக் கடல்நீரால்தான் கழுவுவோம். நல்ல தண்ணீரை மீன் செதிலில் ஊற்றும் அளவுக்குக் கிணறுகள் வாய்க்கவில்லை. நல்ல தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் உவர்ப்பில்லாத, குடிக்கிற தண்ணீர். கடலுக்குள் இறக்கிய இரும்புக் குழாய் வழியாக மெசின் நீரை இழுத்துச் சந்தைத் தொட்டியில் ஏற்றும்.

அந்த ஆண்டு குழாயில் தண்ணீர் மெலிந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுவிட்டது. சபை வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் குழாயில் ஒரு துண்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே விரல் நுழைய இடமில்லாமல் சின்னக் கறுப்பு மட்டிச் சிப்பி அப்பிக் கிடந்தது. கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்த மட்டியைத் தெரியவில்லை. ஏதோ கப்பலின் அடியில் ஒட்டி வந்ததாக்கும் என்றார்கள்.

சந்தை நாறத் தொடங்கியது. திங்கட்கிழமை வருவேன், தரை சுத்தமில்லையென்றால் சந்தையைப் பூட்டுவேன் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனார். முதல் கடைக்காரியான மீன்கார அக்கா கந்தோர் வாசலில் வந்து நின்றார்.

"பூட்டினா நாங்கள் பழையபடி றோட்டில, வெயிலுக்கதான் குந்தவேணும். பின்னேரத்துக்குள்ள மீன் பழுதாப் போயிடும். என்ன செய்யப் போறியள்?"

ஓவசியரிடம் வழி இருந்தது. கடல்பக்க வாயைக் கட்டையால் அடைத்து, குழாய் நிறைய நல்ல தண்ணீர் விட்டுச் சில நாள் வைத்தால் மட்டி செத்து உதிரும். வேலணைப் பக்கமிருந்து பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் வந்து தொட்டியில் இறங்கியது. சந்தைக்காரர் தெரியாமல் தொட்டிப் பைப்பைத் திறந்துவிடக் கூடாதே என்று ஞாயிறு மாலை நான் ஓர் அறிவித்தல் ஒட்டினேன்: "நாளை காலை குழாயில் நல்ல தண்ணீர் விடப்படும்."

அந்த வாக்கியத்தில் எழுத்துப்பிழையுமில்லை, பொருட்பிழையுமில்லை. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

திங்கள் காலை நான் போனபோது சந்தை வாசலிலிருந்து தபால் கந்தோர் வரை சனம். வாளி, குடம், கிடாரம். ஒருவர் சைக்கிளில் இரண்டு எண்ணெய்த் தகரம்.

"இது குடிக்கிறதுக்கில்லை, மட்டிக்கு," என்றேன்.

"மட்டிக்கோ!" தகரக்காரர் சிரித்தார். "மனுசர் உவர்த் தண்ணியில தேத்தண்ணி குடிக்கினம். கிளாக்கர் கடலில கிடக்கிறதுக்கு நல்ல தண்ணி பருக்கிறார்!"

"சீனியும் போடுறியளோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரித்துக்கொண்டே எல்லோரும் பைப்பை நோக்கி நகர்ந்தார்கள். தொட்டி வெறுமையானால் குழாய் நிறையாது, மட்டி சாகாது. நான் பைப்பின் முன் கைகளை விரித்து நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பரிசோதகரின் சைக்கிள் சந்தியில் திரும்புவது தெரிந்தது.

மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"வாளியோட வந்தனியள், சும்மா திரும்பிப் போறதே? கடல் உதில கிடக்கு. ஓடிப்போய் அள்ளியந்து இந்தத் தரையில ஊத்துங்கோ. ஊத்துற ஆளுக்கு ஒரு கை சூடை மீன்!"

"பெரிய கையோ, சின்னக் கையோ?"

"என்ர கை!"

அவருடைய கை பெரியது. வரிசை அப்படியே கடலுக்குத் திரும்பியது. பரிசோதகர் உள்ளே வந்தபோது தரையில் கணுக்கால் அளவு கடல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, "இப்பிடியே வைச்சிருங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் கட்டையை இழுத்தபோது மட்டி கொத்துக் கொத்தாகக் கழன்று வந்தது. நாற்றம் சொல்ல முடியாது. ஆனால் தொட்டியில் கடல்நீர் மளமளவென்று விழுந்தது.

அடுத்த ஆண்டு மட்டி மறுபடி பிடித்தது. இம்முறை நான் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை: "நாளை குழாயில் விடப்படும் தண்ணீர் மட்டிக்கு மாத்திரம். பொதுமக்களுக்கு அல்ல."

காலையில் போனேன். தபால் கந்தோர் வரை வாளிகள்.

"தெளிவாத்தானே எழுதினனான்?" என்று தகரக்காரரிடம் கேட்டேன்.

"ஓம், வாசிச்சனாங்கள்," என்றார் அவர். "சூடைக்கு வந்தனாங்கள்."