ஒழுகாத கூரைக்கு நட்டஈடு இல்லை

காற்று எங்கள் கூரையைத் தூக்கியபோது அப்பா கட்டிலில்தான் கிடந்தார். பக்கவாதம் வந்து எழும்ப முடியாமல் போனவர். நனைந்து சளி பிடித்தால் மறுபடியும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டிவரும், இந்த முறை திரும்பி வரமாட்டார் என்று எனக்கு அப்படியொரு பயம். அவர் தலைமாட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ சாமி, யாராச்சும் வாங்களேன்" என்று கத்தினேன்.

மேலே தோட்டத்து லயத்து வரிசைவீடுகளில் இருந்த சனம் ஓடி வந்தது. திருத்தித் தரும்படி தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனவர்கள் அவர்கள். கூரை போனால் யாரையும் கேட்பதில்லை, தாங்களே அடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் தாங்கள் சமைக்கும் குசினியின் கூரைத் தகரத்தையே கழற்றித் தோளில் சுமந்து வந்தார். மழை வலுப்பதற்குள் அப்பாவின் தலைக்குமேல் கூரை இருந்தது. கிழிந்த எங்கள் தகரங்களைக் கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் ஆளுக்கொரு துண்டாக வெட்டிக்கொண்டு போனார்கள். எடுங்க, எடுங்க என்று நான்தான் சொன்னேன். ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. அந்த நேரத்தில் போனைத் தேடுவேனா, அப்பாவைத் துடைப்பேனா?

வீட்டுக்கடனோடு பேங்கில் சேர்த்தே போட்டுவிட்ட இன்சூரன்ஸ் பிறகுதான் ஞாபகம் வந்தது. ஹட்டன் துணிக்கடையில் எனக்குக் கிடைக்கும் சம்பளம் கடனுக்கும் மருந்துக்குமே போதவில்லை. நட்டஈடு வந்தால் புதுத் தகரம் போட்டுவிட்டு அண்ணனுடையதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் மனைவி திறந்த குசினியில் சமைப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சேதத்தைப் பார்வையிட வந்த ஐயா நல்ல மனிதர்தான். உடைந்த தகரம் எங்கே, திருத்துமுன் எடுத்த படம் எங்கே என்று கேட்டார். சனம் வெட்டிக்கொண்டு போன கதையைச் சொன்னேன்.

"நாங்க பாக்க முன்னுக்குத் திருத்தினா, போன தகரத்தயாவது வச்சிருக்கணும்மா" என்றார்.

சாட்சிக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"நாங்கதான் சார் அடிச்சோம். ஒரு சொட்டு ஒழுகாது. வேணும்னா ஏறிப் பாருங்க!"

"அண்ணே, சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்தேன்.

"நல்லதத்தானே சொல்றேன்! கூரைக்கி ஒரு கொறையும் இல்ல சார்."

ஐயா என் முகத்தைப் பார்க்காமலே எழுதிக்கொண்டு போனார். நட்டஈடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படம் எடுக்கும்வரை ஒரு நோயாளியை நனையவிட்டிருக்க வேண்டுமாம்! ஆனால் யார்மேல் ஆத்திரப்படுவது?

விஷயத்தைச் சொல்ல அண்ணன் வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. அண்ணி தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"தகரத்தக் கழட்டிக்கிட்டு வந்துருங்க அண்ணி. நாங்க எப்படியாச்சும் பாத்துக்கிறோம்."

"என்னா பேச்சு இது? அப்பா இருக்கிற வரைக்கும் அது அங்கதான் இருக்கும்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து, அப்பாவுக்கு நீண்ட ஆயுளைக் கொடு சாமி என்று வாய்விட்டு வேண்ட முடியவில்லை. அண்ணி இன்னும் நனையட்டும் என்று வேண்டுவதுபோல் இருக்கிறது.