சகோதரிகள் சங்கத்தின் பச்சை உறை

1. இரண்டு உறைகள்

பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் வாழ்க்கைப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேலாளர் மதாம் ரெனார் என் மேசையில் இரண்டு மட்டை உறைகளை வைத்தார். ஒன்று பச்சை, மற்றது செம்மஞ்சள்.

"புதுச் சங்கம் தொடங்க வேண்டும் என்று மாணவர்கள் வருவார்கள். கடதாசி எல்லாம் சரியென்றால் பச்சை. ஏதாவது குறைந்தால் செம்மஞ்சள். உங்கள் வேலை அவ்வளவுதான்" என்றார்.

அதற்கு முன் எட்டு வருடம் ஹோட்டலில் கட்டில் விரித்தவள் நான். கதிரையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததே பெரிய காரியம். மதாம் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டினேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது நம் பிள்ளைகள் பலர் இங்கே பல்கலைக்கழக அலுவலகங்களில் வேலைக்குச் சேர்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று என் மனுசன் சொல்லுவார். ஆனால் இந்த ஒரு விசயத்தை அவருக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் வேலையின் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புதுச் சங்கத்தை வளாகத்துக்குள் எடுப்பது லேசான காரியமல்ல. பிரெஃபெக்தூர் என்ற அரசாங்கச் செயலகத்தில் பதிந்த ரசீது வேண்டும். சங்க விதிகள், காப்புறுதி, தலைவர் செயலாளர் பொருளாளர் பெயர்கள் எல்லாம் வேண்டும். புதிதாக வருகிறவர்களை வதைக்கமாட்டோம் என்ற உறுதிமொழியிலும் ஒப்பமிட வேண்டும். பிரெஞ்சில் அதை பிசுத்தாஜ் என்பார்கள். எங்கள் ஊரில் ராகிங். இங்கே அது சட்டப்படி குற்றம். இத்தனையும் கொடுத்தாலும் உடனே அறை கிடைக்காது. ஒரு வருடம் தவணை, பார்த்து முடிவு செய்வதற்கான காலம். அந்த வருடம் ஒழுங்காக நடந்தால் ஜூன் மாதம் ஆணைக்குழு கூடி நிரந்தர அனுமதியும் அறைச் சாவியும் கொடுக்கும். அறைகள் குறைவு. ஆகவே ஒரு இடத்துக்கு மூன்று நான்கு சங்கங்கள் வரிசையில் நிற்கும்.

2. ஆரணி

ஒரு செப்டம்பரில் ஆரணி வந்தாள். இங்கே நகரத்துக்கு வெளியே பொண்டியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாய் தகப்பனுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில், ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில், கைத்தொலைபேசிக் கடை. பிரெஞ்சில்தான் பேச்சைத் தொடங்கினாள். மேசையில் என் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அன்ரி, நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"ஓம் பிள்ளை. இரும்."

பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடம் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவள் அவள். அங்கே மாணவிகள் சகோதரிகள் சங்கம் என்று வைத்து, ஒரே வீட்டில் இருந்து, ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதைக் கண்டாளாம். அதைப்போல இங்கேயும் ஒன்று தொடங்க வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு மாணவிக்கும் மேல் வகுப்பில் ஓர் அக்கா. அதுதான் திட்டம்.

"இஞ்சை தனிய வாற பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம் அன்ரி? நாங்கள் இருக்கிறம் எண்டு சொல்லோணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் பிள்ளை ஒன்று இப்படி நிமிர்ந்து நின்று கேட்கிறதே என்ற பெருமை. மதாம் ரெனாருக்குத்தான் தயக்கம். "வாசலில் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று தாங்களே முடிவு செய்கிற சங்கம் எனக்குப் பிடிக்காது" என்றார். சங்க விதிகளில் 'எல்லா மாணவிகளுக்கும் திறந்தது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ஆரணி அடுத்த நாளே சேர்த்துக்கொண்டு வந்தாள். என் அனுபவத்தில் அவ்வளவு சுத்தமான கோப்பை நான் கண்டதில்லை. அந்த வருடம் ஒரு இடத்துக்கு மூன்று சங்கங்கள் நின்றன. பச்சை உறையில் வைத்து, மூன்றிலும் மேலே ஆரணியின் கோப்பை வைத்தவள் நான். தவணை வருடம் கிடைத்தது.

3. கதவருகே ஒரு பிள்ளை

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. கதவைப் பாதி திறந்துகொண்டு ஒரு மாணவி நின்றாள். பவித்ரா. சேலத்திலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சங்கத்தில் ஆரணிதான் அவளுடைய அக்கா.

"ஆன்ட்டி, நீங்க தமிழ்னு சொன்னாங்க. ஒரு விஷயம் சொல்லணும். எழுதிக் குடுக்க பயமா இருக்கு."

உட்காரச் சொன்னேன். சொன்னாள். அக்காமார் செய்தி அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் பதில் போட வேண்டும். அவர்கள் இரு என்று சொல்லும்வரை நிற்க வேண்டும். அவர்களுடைய பைகளைச் சுமக்க வேண்டும்.

"நாளைக்குக் கடைசி டெஸ்ட்னு சொல்றாங்க. என்னன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல ஆன்ட்டி."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். கடவுளே, வாய்விட்டுச் சிரித்தேன்.

"அட, இதுக்கோ பயப்பிடுறீர்? எங்கடை கம்பஸிலை எனக்குப் பதினொரு பின்னல் பின்னிவிட்டவை. ஒரு நெருப்புக்குச்சியாலை வராந்தாவை அளக்கவிட்டவை. அழுதுகொண்டு அளந்தனான். பிறகு பாத்தால் அவையள்தான் எனக்கு உயிர். ரெண்டு கிழமை பொறும் பிள்ளை. எல்லாம் சரிவரும்."

அவள் சிரிக்கவில்லை.

"எங்க ஊர்ல இப்ப இதெல்லாம் பண்ணா காலேஜை விட்டே அனுப்பிருவாங்க ஆன்ட்டி. அட்மிஷன் அப்பவே கையெழுத்து வாங்கிருவாங்க."

"இஞ்சையும் சட்டம் இருக்குத்தான். இது அந்தளவுக்கு ஒண்டுமில்லை" என்றேன்.

அந்தச் சட்டத்துக்கு ஒப்பம் வாங்குகிற ஆளே நான். அந்த உறுதிமொழிக் கடதாசி என் மேசையின் இடதுபக்க இழுப்பு லாச்சியில் கட்டாக இருந்தது. ஒரு வரி எழுதி மதாமிடம் கொடுத்திருந்தால் போதும், அன்று பின்னேரமே ஆரணியைக் கூப்பிட்டிருப்பார்கள். எழுதவில்லை. பவித்ரா "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லி, கதிரையை இருந்த இடத்திலேயே தள்ளி வைத்துவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

4. மெட்ரோ வாசல்

திங்கட்கிழமை வேலை முடிந்து லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போனேன். கடைக்கார அண்ணை என்னைக் கண்டதும் கேட்டார்.

"தங்கச்சி, நீங்கள் கம்பஸிலை எல்லே வேலை? ஊதாச் சட்டை போட்ட பிள்ளையள் உங்கடை ஆக்களோ?"

ஊதாச் சட்டை ஆரணியின் சங்கத்துச் சட்டை.

"ஏன் அண்ணை?"

"சனிக்கிழமை ஒரு பிள்ளையை மெட்ரோ வாசலிலை நிப்பாட்டினவை. கள்ளச் சிகரெட் விக்கிற பெடியள் நிப்பினமே, அவையளுக்கு நடுவிலை. கழுத்திலை ஒரு மட்டையைக் கொழுவி, தமிழிலை சிகரெட் கூவி விக்கச் சொன்னது. மற்றவை றோட்டுக்கு அங்காலை நிண்டு வீடியோ எடுத்துச் சிரிச்சவை. பிறகு பொலிஸ் வந்து அடையாளப் பேப்பர் கேட்டது. ஊதாச் சட்டையள் ஒண்டையும் காணேல்லை. அந்தப் பிள்ளை தனிய நிண்டு நடுங்கினது. இந்தியாப் பிள்ளை போலை. நாங்கள்தான் போய்ச் சொல்லி விடுவிச்சனாங்கள்."

என் கையில் கத்தரிக்காய்ப் பை. அதை வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் ஆரணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "விளையாட்டுத்தான் அன்ரி. எல்லாரும் ஏதோ ஒண்டு செய்தவை. இனிச் செய்யமாட்டம், சத்தியமா" என்றாள். கண் கலங்கியும் இருந்தாள். சரி, சின்னப் பிள்ளைகள், தாய் தகப்பன் கடை வைத்துக் கஷ்டப்பட்டு வளர்த்த பிள்ளை, உழைப்பெல்லாம் வீணாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எழுத்தில் முறைப்பாடு இல்லை. ஆகவே கோப்பு பச்சை உறையிலேயே இருந்தது.

டிசம்பரோடு பவித்ரா வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். நான் போட்ட மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. பரீட்சைக்கும் வரவில்லை என்று துறைச் செயலாளர் சொன்னார். வெளிநாட்டு மாணவி பரீட்சை எழுதாவிட்டால் வதிவிட அட்டையைப் புதுப்பிப்பது சிக்கல். நாங்கள் வதிவிட அட்டைக்காக விடியற்காலை வரிசைகளில் நின்று வந்தவர்கள். பொலிஸ்காரர் கை நீட்டிப் பேப்பர் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

5. ஜூன் மாதக் கூட்டம்

ஆணைக்குழுவில் எனக்கு வாக்கு இல்லை. உறைகளை எடுத்துக் கொடுப்பதும் தண்ணீர் போத்தல் வைப்பதும்தான் என் வேலை. ஆரணி எழுந்து நின்று சங்கத்தின் ஒரு வருடத்தைச் சொன்னாள். அழகாகச் சொன்னாள். பாடம் சொல்லிக்கொடுத்தது, வீடு தேடிக் கொடுத்தது, நோயாளிப் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுத்தது. எல்லாம் உண்மை. பல்கலைக்கழகத் துணைத் தலைவர் தலையாட்டினார்.

மதாம் ரெனார் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "கோப்பு எல்லாம் சரிதானே?"

அத்தனை வருடமாக இந்தக் கேள்விக்கு "வுய் மதாம்", ஓம் மதாம், என்று சொன்னவள் நான். அன்று அதைச் சொல்லவில்லை.

"கடதாசி சரி மதாம். சங்கம் சரியில்லை" என்றேன்.

பவித்ரா வந்த அந்த வெள்ளிக்கிழமைக் காலையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சங்கத்தின் பிழையைச் சொன்னது போலவே என் பிழையையும் சொன்னேன்.

"எழுத்தில் முறைப்பாடு இருக்கிறதா?" என்று துணைத் தலைவர் கேட்டார்.

"இல்லை. எழுத வேண்டியவள் நான். எழுதவில்லை."

ஒரு பேராசிரியர், சிகரெட் விற்கச் சொன்னது ரசனையற்ற விளையாட்டு, ஆனால் வதை என்று சொல்லலாமா என்று இழுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மெசியே, அந்தத் தெருவில்தான் அந்தப் பிள்ளை அரிசி வாங்க வேண்டும். இந்த நகரத்தில் அவளுடைய மொழி கேட்கிற தெரு அது ஒன்றுதான். அங்கே எல்லோரும் பார்க்க அவளை நிறுத்தினார்கள். பொலிஸ் வந்தபோது ஓடியவர்களின் பையில் பிரெஞ்சு அடையாள அட்டை. அவளிடம் இருந்தது காலாவதியாகிற அட்டை. அது இன்னாருக்கு விளையாட்டு, இன்னாருக்கு இல்லை என்று ஆரணிக்குத் தெரியும். தாய் தகப்பனின் கடையோடு அவள் அந்தத் தெருக்களில் வளர்ந்தவள்."

ஆரணி பிரெஞ்சை விட்டாள். அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் விளங்காத தமிழில் என்னிடம் சொன்னாள்.

"நீங்கள் என்ரை பக்கம் நிப்பியள் எண்டு நினைச்சன் அன்ரி."

"அதுதான் பிள்ளை பிழை. இவ்வளவு நாளும் நிண்டனான்" என்றேன்.

சங்கத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆரணியும் இன்னும் இருவரும் ஒழுக்காற்று விசாரணைக்குப் போனார்கள். எனக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. நியாயம்தான். ரூ லூயி-பிளாங்கில் ஆரணியின் தாய் இன்றைக்கும் என்னைக் கண்டால் கடைக்குள் திரும்பிப் போவார்.

அந்தக் கூட்டத்திலும் நான் சொல்லாத ஒன்று உண்டு. பவித்ராவுக்கு நான் சொன்னது பாதிக் கதை. நான் அளந்ததற்கு அடுத்த வருடம், எங்கள் கம்பஸில் புதிய பிள்ளைகளிடம் நெருப்புக்குச்சியைக் கொடுத்து அளக்கச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. சாந்தினி என்றொரு பிள்ளை. மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் காணாது என்று சொல்லிச் சிரித்தோம். பிறகு நாட்டில் சண்டை வந்து எல்லோரும் சிதறிப்போனோம். லாச்சப்பலில் பழைய ஆட்கள் யாரையாவது தினமும் காணலாம். இத்தனை வருடமாக அந்தச் சனத்துக்குள் அவளுடைய முகம் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டுதான் நடக்கிறேன்.

6. ஒப்படைத்தது

அதன் பிறகு மதாம் ரெனார் முறையை மாற்றினார். தவணை வருடத்தில் இருக்கும் எந்தச் சங்கத்திலும், புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு மாணவரையும் மூன்றாவது கிழமை தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். தலைவர் கூட வரக்கூடாது. அந்த வேலையை எனக்கே கொடுத்தார். "நீங்கள்தான் செய்ய வேண்டும்" என்றார்.

பவித்ராவுக்காகப் பல்கலைக்கழகம் நடந்ததை விளக்கி ஒரு கடிதம் கொடுத்தது. அவள் வேறு நகரத்தில் அந்த வருடத்தைத் திரும்பப் படித்தாள். அட்டையும் புதுப்பித்தாயிற்று. நான் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்துக் கைத்தொலைபேசியில் பதில் வந்தது.

"லெட்டர் கிடைச்சது, தேங்க்ஸ். அவங்க பண்ணதைக்கூட மறந்துருவேன் ஆன்ட்டி. அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க."

எனக்குப் பிறகு என் கதிரைக்கு வந்தவள் லைலா என்ற இளம் பெண். பச்சை உறையையும் செம்மஞ்சள் உறையையும் ஒப்படைத்தேன். கூடவே ஒரு தாளில் பிரெஞ்சில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். பயமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை வந்தால், சிரிக்காதே. உன் கதையைச் சொல்லாதே. அவள் சொல்வதை அவள் கண்முன்னேயே எழுது.

லைலா வாசித்துவிட்டு, "சிரிக்காதே என்பதைக்கூடவா எழுதி வைக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

பவித்ராவின் செய்தியை எடுத்து, அதைப் பிரெஞ்சில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகினாள். நான் மேலங்கியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.